தினமும் கை தட்டினால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் காரணங்களுக்காக அல்ல.

உள்ளங்கையில் இதயத்துக்கு ஒரு புள்ளி, சிறுநீரகத்துக்கு ஒரு புள்ளி, தட்டினால் சர்க்கரை இறங்கும், அடைப்பு கரையும் என்று வந்ததை நம்பி என் அம்மா நாலு நாள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 240. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கை தட்டல் எந்த மாத்திரைக்கும் மாற்று ஆகாது.

அதே அம்மாவுக்குத்தான் கை தட்டல் வேறு விதத்தில் கைகொடுத்தது. 58 வயதில் அவருக்கு இடது தோள் இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். 40 முதல் 60 வயதில் அதிகம் வரும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். கொடியில் சேலை காயப்போட முடியாது, ஜாக்கெட் போட நான் பக்கத்தில் நிற்க வேண்டும். சுவரில் விரலை நடத்திக் கையை மேலே ஏற்றும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாள் செய்வார். மூன்றாம் நாள், "செவுத்தப் பாத்துட்டே எத்தன நேரம் கண்ணு நிக்கிறது" என்று வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பொங்கல் சமயத்தில், சின்ன வயதில் பூப்பறிக்கும் நோம்பிக்கு (பொங்கலை ஒட்டி எங்கள் பக்கம் வரும் பண்டிகை) கும்மியடித்த கதையைச் சொல்லிக்கொண்டே கையைத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். இடது கை மடியோரமே கிடந்தது. வலது கைதான் போய் அதன்மேல் விழுந்தது. சத்தமும் சப்பென்று இருந்தது.

பிசியோவிடம் கேட்டோம். வலி பொறுக்கும் அளவுக்குத் தாராளமாகத் தட்டலாம், ஆனால் இரண்டு கையும் ஆளுக்குப் பாதி தூரம் வர வேண்டும் என்றார். முதலில் இடுப்பு உயரத்தில், பிறகு நெஞ்சுக்கு நேரே, அப்புறம் முகத்துக்கு நேரே. காலையில் 5 நிமிடம், சாயங்காலம் 5 நிமிடம், கும்மிப் பாட்டோடு. தலைக்கு மேலே இரண்டு உள்ளங்கையும் சேர்வதற்கு 7 மாதம் ஆனது. சுவர்ப் பயிற்சியும் கூடவே நடந்தது. இந்த இறுக்கம் நாளாக ஆக மெல்லத் தானாகவும் இளகக்கூடியது. அதனால் எல்லாம் கை தட்டியதால்தான் என்று சொல்ல மாட்டேன். கையை அசைக்கவே பயந்தவரைத் தினமும் ஆசையாக அசைக்க வைத்தது அது. எனக்கு அதுவே பெரிது.

தட்டும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே தாளத்துக்கு வேலை செய்கின்றன. உள்ளங்கைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் கை சிவந்து சூடாகிறது. மூளைக்கும் இதில் வேலை உண்டு. உடம்பை அசைக்கும் மூளைப் பகுதியில் கைக்கும் விரல்களுக்கும் உள்ள இடம், முதுகுக்கும் வயிற்றுக்கும் உள்ளதைவிடப் பல மடங்கு பெரியது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் இடித் சுல்கின் என்பவர் கை தட்டிப் பாடி விளையாடும் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார். அப்படி விளையாடும் பிள்ளைகளின் கையெழுத்து நன்றாகவும், எழுத்துப் பிழை குறைவாகவும் இருந்ததாக 2010 வாக்கில் சொன்னார்.

உட்கார்ந்த இடத்தில் தட்டுவது நடைப்பயிற்சிக்கு ஈடாகாது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதம் என்றால், பேச முடியும், பாட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

ஓங்கி அடிக்கவும் வேண்டாம். உள்ளங்கையைச் சுத்தியல் போல் வருடக்கணக்கில் பயன்படுத்தும் தொழிலாளர்களுக்குச் சுண்டுவிரல் பக்க ரத்தக்குழாயே கெட்டுப்போவது உண்டு. சர்க்கரையால் கை மரத்துப்போனவர்களுக்கு அடிபட்டாலும் தெரியாது; அவர்கள் மெதுவாகத் தட்டி, முடிந்ததும் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கை தட்டலும் மூச்சு வாங்கும் உடற்பயிற்சியும் ஒன்றாகக் கிடைப்பது கும்மியில்தான். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, அடி எடுத்து வைத்து வட்டமாகச் சுற்றும்போது முழு உடம்பும் வேலை செய்கிறது, மூச்சும் வாங்குகிறது. எங்கள் கொங்குப் பக்கம் ஆண்கள் ஆடிவந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயா. 2024-ல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்போது பல ஊர்களில் கோயில் திடலில் சாயங்காலம் பயிற்சி நடக்கிறது. உங்கள் பக்கம் இருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வாரம் வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கை மட்டும் தட்டினாலும் போதும். அம்மா அப்படித்தான் ஆரம்பித்தார்.