வலி பட்டால்தான் பாசமா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். வலி தெரியாமல் இருக்க முதுகில் மருந்து செலுத்தலாம் என்கிறார் டாக்டர். "வலி பட்டுப் பெத்தாத்தான் பிள்ளை மேல பாசம் இருக்கும்" என்கிறார் சம்பந்தியம்மா. இயற்கையான வலியைத் தடுக்கலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: டாக்டர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், சம்பந்தியம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பெறப்போகிறவள் என்ன சொல்கிறாள்? கடிதத்தில் அது இல்லை. முதலில் அவளைக் கேளுங்கள்.

சிசேரியனில் பெற்ற தாய்மார் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் யாருக்குப் பாசம் குறைந்துவிட்டது? கருப்பை ஒரு தசை. அது இறுகி இறுகித்தான் கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் வரை திறக்கிறது. அங்கிருந்து வரும் நரம்புகளும் இடுப்பு, கீழ்முதுகுத் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால்தான் அது இடுப்பு வலியாகத் தெரிகிறது. பிள்ளையின் தலை இறங்கும்போது வருவது வேறு வலி. இன்னும் கீழே, சுரீரென்று வரும். இதில் பாசத்துக்கு வேலையே இல்லை. பயமும் தனிமையும் மட்டும் வலியைக் கூட்டும்.

சம்பந்தியம்மா பேசுவதைப் பெரிய டாக்டர்களே பேசியிருக்கிறார்கள். 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற டாக்டர் பிரசவத்துக்கு ஈதர், பிறகு குளோரோஃபார்ம் என்று மயக்க மருந்துகள் கொடுத்தபோது, வேதனையோடு பெறுவது கடவுள் விதித்தது என்றவர்கள் உண்டு. பிலடெல்ஃபியாவின் பிரசவ மருத்துவர் சார்லஸ் மெய்க்ஸ், வலி தேவையானதே என்று வாதாடினார். 1853-ல் விக்டோரியா மகாராணி குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டு இளவரசர் லியோபோல்டைப் பெற்ற பிறகுதான் தயக்கம் மெல்லக் குறைந்தது. அப்புறம் ஜெர்மனியிலிருந்து இன்னொரு முறை வந்தது: மார்ஃபினும் ஸ்கோபாலமினும் சேர்ந்த அரைமயக்கம். பட்ட வலி நினைவில் தங்காது, அவ்வளவுதான். பெண் அலறித் துடிப்பாள். கட்டிலோடு கட்டிவைத்ததும் நடந்தது. வலியைத் தாங்கு என்றவர்களும் சரி, மயக்கிப் போட்டவர்களும் சரி, அவளைக் கேட்கவில்லை.

உங்கள் டாக்டர் சொல்வது எபிடியூரல். கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவார்கள். நினைவு தப்பாது, பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். ஆரோக்கியமான கர்ப்பிணி கேட்டால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. இதனால் சிசேரியன் கூடுவதில்லை, தீராத முதுகு வலியும் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், பிள்ளையைத் தள்ளும் நேரம் நீளலாம். அதனால் பக்கத்திலேயே இருந்து பார்க்க ஆள் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று உண்டு. வலியில் கத்தும் பெண்ணிடம் "அன்னைக்கு இனிச்சுதா?" என்று கேட்கும் வாய்கள் பிரசவ அறைகளில் இன்னும் இருக்கின்றன. ஏற்காட்டு மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு இறங்கும் பெண்ணுக்கு எபிடியூரல் கிடைக்காமல் போகலாம். கைபிடிக்க அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருக்கக் காசு வேண்டாம். கூடவே ஒருவர் இருந்தால் சிசேரியனும் வலி மருந்தின் தேவையும் குறைகின்றன என்பது ஆய்வில் தெரிந்த சங்கதி.

எபிடியூரல் வேண்டும் என்று மகள் சொன்னால், இந்த வாரமே ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, பிரசவ அறைக்குள் உங்களை விடுவார்களா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், சரி, அதுவும் அவள் முடிவு. சம்பந்தியம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், அந்தச் சுமையை அவள் தலையில் வைக்காதீர்கள்.