பாலே பார்க்க லண்டன் வரும் சேலத்துத் தங்கச்சிக்கு

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எட்டு வருடம் பரதம் கற்றவர். பாலேயை இதுவரை கைபேசித் திரையில் மட்டும் பார்த்துப் பைத்தியமானவர். வயது 23, செப்டம்பரில் படிக்க லண்டன் வருகிறார். மாணவர் கையிருப்பில் நேரில் பார்க்க முடியுமா, எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது, மே மாதம் அம்மா வந்தால் எதற்கு அழைத்துப் போவது என்பதுதான் கேள்வி.

தாராளமாக முடியும்ங்க. ஆனால் இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரி செலவு செய்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை, 'ஸ்வான் லேக்'குக்கு, கீழ்த்தளத்தில் 150 பவுண்டைத் தாண்டும் இருக்கை. படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு அத்தோடு சரி. அந்தப் பணத்தில் மேல்தளத்தில் ஐந்தாறு தடவை பார்க்கலாம். அதிலும் ஒரே பாலேயை இரண்டு வேறு நடனக்காரர்கள் ஆட இரண்டு முறை பாருங்கள். ரசிகராவது அந்த இரண்டாவது தடவையில்தான்.

லண்டனில் முக்கியமாக மூன்று இடம். கோவென்ட் கார்டனில் ராயல் ஆப்பரா ஹவுஸ்: இது ராயல் பாலேயின் வீடு. 1931இல் நினெட் டி வலுவா தொடங்கிய குழு, 1946இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யோடு இந்த அரங்குக்கு வந்தது. கோலிசியம்: இங்கிலீஷ் நேஷனல் பாலே ஒவ்வொரு டிசம்பரும் 'நட்கிராக்கர்' ஆடும் பெரிய கொட்டகை. ஏஞ்சல் ஸ்டேஷன் பக்கம் சாட்லர்ஸ் வெல்ஸ்: நவீன நடனம் அதிகம், விலை குறைவு, பார்வை மறைக்கும் இருக்கைகளும் குறைவு. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது படிப்பு பர்மிங்ஹாம் பக்கம் என்றாலும் கவலையில்லை. அங்கே பர்மிங்ஹாம் ராயல் பாலே இருக்கிறது, 2020 முதல் கார்லோஸ் அகோஸ்டா அதன் இயக்குநர்.

டிக்கெட் வேலையைச் சேலத்திலேயே ஆரம்பியுங்கள். ஆப்பரா ஹவுஸ் இணையதளத்தில் கணக்குத் திறந்து, 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான இலவசத் திட்டத்தில் சேருங்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடமாவது அந்தச் சலுகை இருக்கிறது, வீணாக்காதீர்கள். முன்பதிவு கட்டம் கட்டமாகத் திறக்கும். கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்கு முதலில், பிறகுதான் பொதுமக்களுக்கு. கிறிஸ்துமஸ் காலக் காட்சிகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடுவதால் டிசம்பர் ஆசை இருந்தால் தளத்தை இப்போதே கவனியுங்கள். நேரக் கணக்கு: அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், அதன்பின் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி.

பணம் கட்டும் இடத்தில்தான் பலருக்கு மாட்டிக்கொள்ளும். நம்மூர் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை முதலில் திறந்து வையுங்கள். கூடையில் டிக்கெட் சில நிமிடம்தான் நிற்கும், ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் போய்விட்டால் டிக்கெட் அடுத்தவருக்கு. லண்டன் வந்த பிறகும் இங்கே வங்கிக் கணக்கு திறக்கும் வரை இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓ.டி.பி.க்காக அண்ணனைத் தொலைபேசியில் எழுப்புகிறவர்கள் நிறைய.

முன்பதிவில் கிடைக்கவில்லையா? ஆப்பரா ஹவுஸில் ஃப்ரைடே ரஷ் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை லண்டன் நேரம் பகல் ஒரு மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்குக் கொஞ்சம் டிக்கெட்டை விடுவார்கள். பத்து நிமிடம் முன்பே உள்நுழைந்து காத்திருங்கள். அதுவும் போனால், காட்சி நாளன்று தளத்தை அடிக்கடி திறந்து பாருங்கள்; வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுத்த இருக்கைகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும். தனியாகப் போகிறவருக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம். தேடலில் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்களைத் தொடவே வேண்டாம். அரங்கத்தின் தளத்திலேயே மலிவாகக் கிடப்பதைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள்.

இனி இருக்கை. கீழ்த்தளத்தில் தரைச் சரிவு குறைவு. முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் மேடையின் நடு போய்விடும். மிக முன்வரிசையில் மேடை விளிம்பே பாதங்களை மறைக்கும். பாதம் தெரியாமல் பாலே எதற்கு? ஆப்பரா ஹவுஸின் உச்சித் தளமான ஆம்பிதியேட்டரில், நடுப்பகுதியில், முடிந்தவரை முன்வரிசையில் எடுங்கள். ஏற்காட்டு லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்ப்பது போல இருக்கும்: ஆள் முகம் தெரியாது, எந்தத் தெரு எங்கே சேருகிறது என்பது துல்லியமாகத் தெரியும். 'ஸ்வான் லேக்'கில் அன்னங்கள் வரிசை பிரிந்து கூடுவதும், 'ஜிசெல்' பாலேயின் இரண்டாம் அங்கத்தில் வில்லிகள் எனும் ஆவிப் பெண்கள் எதிரெதிரே ஒற்றைக்காலில் கடந்து போவதும் மேலிருந்து பார்க்கவே வரையப்பட்டவை.

ஓரத்து இருக்கைகள் மலிவு, ஆனால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தால் மறைவது மேடையின் இடப்பக்கம்தான். பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான 'ஜிசெல்' தயாரிப்புகளில் நாயகியின் வீடு பார்வையாளருக்கு இடப்பக்கம் இருக்கும். இடது ஓரத்தில் இருப்பவர் முதல் அங்கத்தில் அம்மா, மகள் பேச்சைக் கழுத்தை நீட்டியே பார்க்க வேண்டிவரும். கழுத்தை நீட்டினால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அவர் தோளைத் தட்டுவார். முதுகைச் சாய்த்து உட்காருவது மேல்தளத்தில் எழுதாத சட்டம்.

நிற்கும் இடங்களும் உண்டு. எண் போட்டது, சாய்ந்துகொள்ளக் கம்பி இருக்கும், 20 பவுண்டுக்குள்ளேயே கிடைக்கும். 'ஜிசெல்' இடைவேளையோடு இரண்டேகால் மணி நேரம், நின்றுவிடலாம். 'ஸ்வான் லேக்', 'ஸ்லீப்பிங் பியூட்டி' இரண்டும் மூன்று மணி நேரத்தைத் தொடும். தட்டையான செருப்பு இல்லாமல் அதற்கு நிற்கப் போகாதீர்கள்.

தொலைநோக்கி ஒன்று ஊரிலேயே வாங்கிவிடுங்கள். 8x25 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 25 மில்லிமீட்டர். அதைவிடப் பெருக்கம் அதிகமானால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வை வட்டமும் குறுகும், ஒரு தாவலில் ஆளைத் தொலைத்துவிடுவீர்கள். முகபாவம், கைப்பேச்சு வரும்போது மட்டும் தூக்குங்கள். ஆட்டம் தொடங்கினால் இறக்கிவிட வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது? என் ஓட்டு 'ஜிசெல்'லுக்கு. 1841இல் பாரிஸில் அரங்கேறியது, இரண்டே அங்கம், கதை நேரானது. பரதம் கற்ற உங்களுக்கு அதன் கைப்பேச்சு ஒரு மாலையில் பிடிபடும். தலைக்கு மேல் இரு கைகளை ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் 'ஆடு'. இடக்கை மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து முஷ்டியைக் கீழே இறக்கினால் மரணம். ஒரு கை நெஞ்சில், மறு கையின் இரு விரல் வானை நோக்கி என்றால் சத்தியம். நம் முத்திரைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இது கைப்பிடி அளவுதான், ஆனால் தவறவிட்டால் கதையே போய்விடும். ராயல் பாலே ஆடும் பீட்டர் ரைட் தயாரிப்பில், ஏமாந்து செத்த பெண்கள் இரவில் ஆவியாக எழுவார்கள் என்று அம்மா எச்சரிக்கும் நீண்ட கைப்பேச்சு இருக்கிறது. பல குழுக்கள் அதை வெட்டிவிடுகின்றன. இரண்டாம் அங்கத்துக்குச் சாவியே அதுதான், வெட்டுவது அநியாயம்.

அரைமண்டிப் பழக்கத்தால் உங்கள் கண் சில இடங்களில் கூர்மையாக இருக்கும், சில இடங்களில் ஏமாறும். இடுப்பிலிருந்து தொடையை வெளியே திருப்புவது இரண்டுக்கும் பொது. முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் நமக்கு அரைமண்டி உட்கார்ந்து ஆடும் நிலை, அவர்களுக்கு முழங்காலை மடக்கும் பிளியே எழும்பவும் இறங்கவும் கடந்துபோகும் இடம். ஆழம் போதவில்லை என்று குறை காணாதீர்கள். தாவி இறங்கும்போது சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிளியே சரியாக இருந்தால் சத்தம் வராது.

'ஸ்வான் லேக்' மூன்றாம் அங்கத்தில் 32 ஃபுவெட்டே, அதாவது ஒற்றைக்காலில் நின்று சுழலும் சுழற்சிகள், வரும். அரங்கமே மனதுக்குள் எண்ணும். நான் அதை எண்ணுவதை விட்டுவிடச் சொல்வேன். நிற்கும் கால் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, முன்னோக்கி நழுவுகிறதா என்று பாருங்கள். திறமை அங்கே தெரியும். களைப்பில் சிலர் 28இல் வேறு சுழற்சிக்கு மாறி முடிப்பார்கள், அதில் குற்றமில்லை. நான்கு குட்டி அன்னங்கள் கைகோத்து ஆடும் துண்டில் இன்னும் சிரமம்: கை மாட்டியிருப்பதால் ஒருத்தி அரை அங்குலம் பிந்தினாலும் நால்வரும் இழுபடுவார்கள், தலை திருப்பமும் ஒன்றாக விழ வேண்டும்.

ஒரே பாலேயை இரண்டு முறை பார்க்கச் சொன்னதற்கு வருகிறேன். ராயல் பாலேயில் ஆர்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல் என்று கீழிருந்து மேலாகப் படிகள். ஒரே பாத்திரத்தை ஒரு பருவத்தில் ஐந்தாறு பேர் மாறி மாறி ஆடுவார்கள். பட்டியல் தளத்தில் இருக்கும். ஒரு டிக்கெட் பெயர் பெற்ற பிரின்சிபலுக்கு, இன்னொன்று அந்தப் பாத்திரத்தில் முதன்முறை ஆடும் இளையவருக்கு. அப்படிப்பட்ட முதல் ஆட்டங்கள் பெரும்பாலும் பகல் காட்சிகளில்தான் வைக்கப்படும். காயத்தால் ஆள் மாறினால் பணம் திரும்பாது, இது எல்லா அரங்கிலும் பொது. ஒருவரையே நம்பி ரயிலும் தங்கும் விடுதியும் எடுத்து வெளியூரிலிருந்து வராதீர்கள்.

'லா பயதேர்' போட்டால் கொஞ்சம் தயாராகப் போங்கள். 1877இல் பெத்திப்பா அமைத்தது. இந்தியக் கோயில் நடனப் பெண்ணின் கதை என்பார்கள், ஆனால் மேடையில் இருப்பது யாரும் பார்க்காத இந்தியா: கோயிலில் தீயைத் தாண்டும் பக்கீர்கள், நமக்கு ஒன்றும் சொல்லாத கைகள். அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1838இல், புதுச்சேரி அருகே திருவேந்திபுரத்துத் தேவதாசிகள் பாரிஸிலும் லண்டனிலும் ஆடியிருந்தார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் புகழ்ந்து எழுதிய தெயோஃபில் கோத்தியேதான் 'ஜிசெல்'லுக்கும் கதை எழுதியவர்களில் ஒருவர். நிஜத்தைப் பார்த்த பிறகும் கற்பனையையே வைத்துக்கொண்டார்கள் என்பது எரிச்சல்தான். ஆனாலும் நிழல்களின் காட்சிக்காகப் போகத்தான் வேண்டும். சரிவுப் பலகையில் 24 பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து இறங்குவார்கள். முதலில் இறங்கியவருக்குத்தான் அதிகத் தடவை. அவருடைய நிற்கும் காலைக் கவனியுங்கள்.

அம்மாவுக்கு: அப்போது நடந்தால் ஆஷ்டனின் 'லா ஃபீ மல் கார்தே'. 1960இல் அமைத்த கிராமத்து நகைச்சுவை. வசதியான மாப்பிள்ளையைத் தேடும் விதவைத் தாயாக ஓர் ஆண் ஆடுவார், மொழி தெரியாமலே சிரிக்கலாம். மக்மில்லனின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டும் சரி. அவருடைய 'மேயர்லிங்' மட்டும் வேண்டாம்: போதை, பாலியல் வன்முறை, கடைசியில் தற்கொலை எல்லாம் மேடையிலேயே. மூன்று குறும்படைப்புகள் சேர்ந்த நிகழ்ச்சியும் அம்மாவுக்குக் கதையில்லாமல் சலிக்கலாம்; அதை நீங்கள் தனியாகப் பாருங்கள். வர முடியாத வருடங்களில், குழுக்கள் தங்கள் பயிற்சியை நேரலையில் காட்டும் 'உலக பாலே நாள்' பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள். 2014இல் தொடங்கியது, இணையத்தில் இலவசம். லண்டன் பகல் பயிற்சி சேலத்தில் மாலைக் காபி நேரம்.

உடைக்குச் சட்டமில்லை. ஜீன்ஸும் உண்டு, பட்டும் உண்டு. சேலத்து வெண்பட்டு கட்டி வாருங்கள், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். நம்மூர் முத்து வைத்த கொலுசை மட்டும் கழற்றிவிட்டு வாருங்கள். வயலின் மட்டும் ஒலிக்கும் நேரத்தில் ஒரு காலை மாற்றி வைத்தால் மூன்று வரிசை திரும்பும். தட்டுவடை செட்டும் அப்படித்தான், சாப்பாட்டை வெளியே முடித்துவிடுங்கள். குளிர்கோட்டைப் பொருள் காப்பிடத்தில் கொடுத்துவிடுங்கள், மேல்தளத்தில் முழங்காலுக்கே இடம் பத்தாது.

தாமதம் மன்னிக்கப்படாது. திரை தூக்கிய பின் வந்தால் தோதான இடைவெளி வரும் வரை வெளியேதான், பல சமயம் இடைவேளை வரைக்கும். கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கும், படி ஏறினால் 193. லெஸ்டர் ஸ்குவேரில் இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது வேகம்.

கைதட்டல் நம் சபாக்களிலிருந்து கொஞ்சம் மாறும். ஒவ்வொரு அங்கத்துக்கும் இசை நடத்துநர் வரும்போது தட்டுவார்கள். தனி ஆட்டம் முடிந்ததும் தட்டுவார்கள், ஆடியவர் கதைக்கு நடுவிலேயே முன்னால் வந்து வணங்குவார். சந்தேகமிருந்தால் பக்கத்தவர் தொடங்கட்டும். படமெடுக்கும் ஆசையைக் கடைசி வணக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடனக்காரரைப் பார்க்க வேண்டுமானால் கலைஞர் வாசல் ஃப்ளோரல் தெருவில். அங்கேயே தலைக்கு மேலே, ராயல் பாலே பள்ளியை அரங்கத்தோடு இணைக்கும் முறுக்குப் பாலத்தையும் பார்க்கலாம். அவர்கள் ஒப்பனை கலைத்துக் குளித்து வர முக்கால் மணி ஆகலாம். நிகழ்ச்சிப் புத்தகமும் பேனாவும் கையில் இருக்கட்டும். படமெடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், தோளில் கை போடாதீர்கள், வலியோடு ஆடி முடித்தவராக இருக்கும். வார நாள் இரவில் பத்தே முக்காலுக்கு மேல் நிற்பதானால் உங்கள் விடுதிப் பக்கம் போகும் கடைசி ரயிலை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.