மண்டாயிலிருந்து திரும்பிய பிறகு தோழிக்கு என்ன செய்யலாம்?

உடன் வேலை பார்க்கும் தோழியின் கணவர் காலமாகிவிட்டார், சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலை வரை போயும் ஒரு வார்த்தைகூடப் பேச வரவில்லை, இனி அவருக்கு எப்படித் துணையாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வராததை எண்ணி வருந்த வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கோ அம்மாவுக்கோ இன்று நினைவில் இல்லை. யார் யார் வந்தார்கள் என்பது மட்டும் ஒருவர் விடாமல் நினைவிருக்கிறது.

எங்களுக்குத் தனிமை உறைத்தது பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான். உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள், எனக்குக் கிடைத்த மூன்று நாள் துக்க விடுப்பும் எப்போதோ தீர்ந்திருந்தது (இங்கே அந்த விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு). அன்று மாலை அம்மா வழக்கம்போல மூன்று பேருக்கு அரிசி களைந்து குக்கரில் போட்டார். தண்ணீர் அளக்கும்போதுதான் அவர் கை நின்றுவிட்டது.

"ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று எல்லாரும் மனமறிந்துதான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாததால் நாங்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா ஒருவர்; வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்போம்) எதையும் கேட்கவில்லை. நாங்கள் துக்கம் காக்கும் நாட்களில் சைவம் என்பதை அறிந்து, இரண்டு மாதம்வரை செவ்வாய்க்கிழமைதோறும் பப்பாளியையோ ஆரஞ்சுகளையோ ஒரு பையில் போட்டு எங்கள் வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். ஆகவே நீங்களும் நாளையும் நேரத்தையும் குறித்து, செய்யப்போவதையும் நீங்களே சொல்லுங்கள்: "சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், வந்த கடிதங்களைச் சேர்ந்து பார்ப்போம்" என்பது போல. கடிதங்கள் நிறையவே வரும். மத்திய சேம நிதிப் (சிபிஎஃப் எனும் கட்டாயச் சேமிப்பு) பணம் உயிலில் அடங்காது என்பதும், அது யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் செய்யாமல் ஒருவர் இறந்துவிட்டால் அது பொது அறங்காவலர் என்ற அரசு அலுவலகம் வழியாகத்தான் குடும்பத்துக்கு வரும் என்பதும் அழுது வீங்கிய கண்ணோடு தனியாக உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவை அல்ல.

துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டு, இப்போது நீ இரண்டாவதில் இருக்கிறாய் என்று தயவுசெய்து விளக்காதீர்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது, தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னதே எங்கள் வீட்டில் நான் கண்டதற்குப் பொருந்துகிறது: துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருப்பார், அந்த ஊசலாட்டமே அவரைத் தாங்கும். பன்னிரண்டாம் நாள் தொலைக்காட்சி நகைச்சுவைக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து ஓர் அத்தை முகம் சுளித்தார். அரை மணி நேரத்தில் அதே அம்மா அப்பாவின் சட்டையை மடித்தபடி தேம்பினார். இரண்டும் உண்மைதான். உங்கள் தோழி அலுவலகத்தில் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

ஆறு மாதங்களுக்கு மேலாகியும் உணவு, உறக்கம், வேலை எதுவும் பிடிபடாமல் அவர் ஒடுங்கியே கிடந்தால், பலதுறை மருந்தகத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்று, இறந்தவரைப் பற்றிப் பேசினால் தோழி அழுதுவிடுவாரே என்று பேச்சை மாற்றாதீர்கள். காரியமெல்லாம் முடிந்து முதன்முறையாகத் தேக்காச் சந்தைக்குப் போன அம்மாவிடம், கீரை விற்பவர், "ஐயா முற்றிய முருங்கைக்கீரையைத் தொடவே மாட்டாரே" என்று சொல்லி, இளங்கீரையாகப் பொறுக்கிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்த அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் மூன்று முறை சொன்னார்.