யூனியன்ல இருந்து லீக்குக்கு மாறின வேல்ஸ் ரக்பி வீரர்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் யாரு?

பில்லி பாஸ்டன். எனக்கு வேற பேரே தோணல. ரக்பியில யூனியன், லீக்னு ரெண்டு வகை இருக்கு, அப்பல்லாம் யூனியன்ல காசு வாங்காமத்தான் ஆடணும், லீக்ல காசு உண்டு. நெறைய பேரு ஜொனாதன் டேவிஸ்னு சொல்வாங்க, 1989ல விட்னஸ் கிளப்புக்குப் போனவரு, அவரும் பெரிய ஆளுதான், ஆனா அவரு வேல்ஸுக்கு கேப்டனாவே இருந்துட்டுப் போனாரு. பாஸ்டனுக்கு வேல்ஸ் யூனியன் டீமோட அந்த சிவப்புச் சட்டைய ஒரு தடவகூட போட கெடைக்கல.

கார்டிஃப் துறைமுகம் பக்கம் டைகர் பேன்னு ஒரு ஏரியா, கப்பல்ல வந்த பல நாட்டு ஆளுங்க குடியிருந்த எடம், அங்க 1934ல பொறந்தாரு. அப்பா சியரா லியோன்காரர், வீட்ல 11 பிள்ளைங்க. கார்டிஃப் கிளப்புக்கு ஆடணும், அப்புறம் வேல்ஸுக்கு ஆடணும், இதுதான் சின்ன வயசுக் கனவு. பக்கத்துலயே இருந்த கார்டிஃப் கிளப் கூப்பிடவே இல்ல. வேல்ஸ் யூனியன் டீம்ல கறுப்பின வீரர் ஒருத்தர் ஆடினதே 1980கள்லதான்னா பாத்துக்கோங்க.

1953ல வட இங்கிலாந்துல லீக் ஆடுற விகன் கிளப்காரங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. பையனுக்கு 18 வயசு, ராணுவ சர்வீஸ்ல இருக்கான். அம்மாவுக்கு அனுப்ப மனசில்ல, 3,000 பவுண்டு கேட்டா ஓடிருவாங்கன்னு நெனச்சுக் கேட்டாங்க, கிளப்காரங்க சரின்னுட்டாங்க! கையெழுத்து போட்டுட்டு பாஸ்டன் அழுதிருக்காரு. ஏன்னா அப்ப லீக்ல காசு வாங்கினா திரும்ப யூனியன் பக்கம் வரவே முடியாது, 1995 வரைக்கும் அதான் நெலம. காசுக்காகப் போயிட்டான்னு இப்பவும் சிலர் ஈஸியா சொல்றப்ப எனக்குக் கோவமா வரும், அந்தப் பையனுக்கு வேற எந்தக் கதவு தெறந்திருந்துச்சு சொல்லுங்க?

அங்க போயி ஆடினது வேற லெவல். விகன் சீனியர் டீமுக்கு ஆறே மேட்ச் ஆடின நெலமையில 1954 ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டூருக்கு கிரேட் பிரிட்டன் லீக் டீம்ல எடுத்தாங்க, 18 மேட்ச்ல 36 ட்ரை (பந்தைக் கொண்டுபோயி எதிரணி கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில வைக்கிறதுதான் ட்ரை). விங்ல, அதாவது மைதானத்தோட ஓரத்துல, ஆடுறவங்கன்னா ஒல்லியா, வேகமா ஓடுவாங்கன்னு நெனப்போம், இவரு 90 கிலோவுக்கு மேல, வெலகி ஓடவும் தெரியும், மோதித் தள்ளிட்டு ஓடவும் தெரியும். விகனுக்கு மட்டும் 488 மேட்ச், 478 ட்ரை. 1960 உலகக் கோப்பை ஜெயிச்ச கிரேட் பிரிட்டன் டீம்லயும் இருந்தாரு.

ஆனா 1957 விஷயம்தான் மனசுல நிக்குது. ஆஸ்திரேலியால உலகக் கோப்பை முடிஞ்சதும் டீம் தென்னாப்பிரிக்காவுக்கு காட்சி மேட்ச் ஆடப் போச்சு, அங்க நிறவெறிச் சட்டம், அதனால இவரு மட்டும் தனியா வீட்டுக்கு ஃப்ளைட் ஏறினாரு. கூட ஆடினவங்க எல்லாரும் அங்க எறங்கி ஆடினாங்க. இத எப்ப நெனச்சாலும் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

விகன் மக்கள் அவரைத் தங்களோட ஊர்ப் பிள்ளையாவே ஆக்கிக்கிட்டாங்க, ரிட்டையர் ஆனப்புறமும் அங்கயே பப் நடத்திட்டு இருந்துட்டாரு, 2016ல சிலையும் வெச்சாங்க. கார்டிஃப்ல சிலை வந்தது 2023லதான். கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன் கூட சேத்து, மூணு பேருமே ஊரை விட்டு வடக்க போயி லீக் ஆடினவங்க. 2025ல அவருக்கு சர் பட்டம் குடுத்தாங்க, ரக்பி லீக் வீரர் ஒருத்தருக்கு அது கெடைக்கிறது அதான் மொத தடவ. அப்ப அவருக்கு வயசு 90.