மேலும், அத்துடன், எனவே…

வணக்கம் அக்கா,

சுன்னாகத்தில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கட்டுரையில் வசனங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன என்று இணைப்புச் சொற்களைத் தொகுத்து ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு வசனமும் அந்தத் தாளிலுள்ள ஒரு சொல்லோடுதான் தொடங்குகிறது. ஒரு பிள்ளை எழுதியதைப் பாருங்கள்:

"யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மேலும் மக்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளனர். அத்துடன் நிலத்தின் கீழ் சுண்ணாம்புக்கல் உள்ளது. எனவே விவசாயிகள் அதிக உரம் இடுகின்றனர். இருப்பினும் கிணற்று நீரில் நைத்திரேற்று கலக்கிறது. இவ்வாறாக நீர் மாசடைகிறது."

எழுத்துப்பிழை இல்லை, தகவலும் பிழை இல்லை, ஆனால் வாசிக்க முடியவில்லை. தாளைத் திரும்ப வாங்கிவிடவா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

தாளை வாங்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள், போதும்.

இந்தப் பிள்ளைக்கு விஷயம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆறு இல்லாதது, கிணறு, சுண்ணாம்புக்கல், உரம், நைத்திரேற்று, எல்லாம் சரியான வரிசையில்கூட வந்துவிட்டன. எது எதற்குக் காரணம் என்று மட்டும் அது யோசிக்கவில்லை, யோசிக்கத் தேவையில்லாமல் உங்கள் தாள் பார்த்துக்கொண்டது. "எனவே விவசாயிகள் அதிக உரம் இடுகின்றனர்" என்ற வசனத்தைப் பாருங்கள். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதாலா கோப்பாயிலும் உரும்பிராயிலும் உரம் போடுகிறார்கள்? வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் ஒரே தோட்டத்தில் மாறி மாறி வருவதால் போடுகிறார்கள். அடுத்தது "இருப்பினும்". உரம் போட்டும் நைத்திரேற்று கலந்துவிட்டதாம்! உரம் போட்டதால்தானே கலந்தது. சொல் இல்லாமல் விட்டிருந்தால் வாசிக்கிறவர் தானாகவே சரியாக இணைத்திருப்பார். பிழையான சொல்லைப் போட்டதால் அவரும் பிழையான பக்கம் போகிறார். என்னைக் கேட்டால் இதற்குத்தான் புள்ளி குறைக்க வேண்டும், எழுத்துப்பிழைக்குக் குறைப்பதைவிடக் கூடவே குறைக்கலாம்.

"மேலும்", "அத்துடன்" இரண்டும் வேறு ரகம். அவை பொய் சொல்வதில்லை, ஒன்றும் சொல்வதுமில்லை. ஆறு இல்லை என்பதற்கும் கிணற்றை நம்புகிறோம் என்பதற்கும் இடையில் இருப்பது காரணம், அங்கே "மேலும்" என்று எழுதினால் இரண்டும் சந்தைக் கணக்கில் அடுத்தடுத்த வரி மாதிரி ஆகிவிடும்.

அதே தகவல்களை நான் இப்படி எழுதுவேன்:

"யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாததால் மக்கள் கிணற்று நீரையே நம்பியிருக்கிறார்கள். அந்த நீர் தேங்கி நிற்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும். மேலே விழுவதை அதிகம் வடிகட்டாமல் விரைவாகக் கீழே விட்டுவிடும் கல் அது. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது."

உங்கள் தாளிலிருந்து ஒரு சொல்கூட இதில் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒட்டியிருக்கிறது அல்லவா? "இல்லாததால்", "எடுத்தது போக", "இறங்கி" என்று வினையின் வாலிலேயே இணைப்பு வந்துவிட்டது. "அந்த நீர்" என்றதும் முதல் வசனத்தின் முடிவை இரண்டாவது வசனம் பிடித்துக்கொள்கிறது. தமிழில் பாதி வேலையை விகுதிகளும் எச்சங்களும் சுட்டுகளும் செய்துவிடும். "உம்" ஒன்றுக்கே தொல்காப்பியர் எட்டுப் பொருள் சொல்கிறார். "மழை பெய்தது. இருப்பினும் கிணறு நிறையவில்லை" என்று எழுதுகிற பிள்ளை வீட்டில் "மழை பெய்தும் கிணறு நிறையேல்லை" என்றுதான் சொல்லும், அதைக் கட்டுரையிலும் எழுதலாம் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்காக இணைப்புச் சொல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவரை சொன்னதற்கு எதிராகத் திரும்பும்போது "ஆனால்" வேண்டும், அதை ஒளித்தால் வாசிக்கிறவர் தடுமாறுவார். "அதனால்", "எனவே" இரண்டும் பேச்சில் கலந்துதான் வரும், இருந்தாலும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசம் காட்டலாம். நைத்திரேற்று கூடிய நீர் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனைக் குறைக்கும், அதனால் குழந்தைக்கு ஆபத்து. இது நடப்பது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், எனவே தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கமுன் சோதிக்க வேண்டும். இது நான் எடுக்கும் முடிவு. "மறுபுறம்" என்ற சொல்லை மட்டும் தாளிலிருந்து வெட்டிவிடுங்கள், நான் பார்க்கிற கட்டுரைகளில் ஒருபுறம் இல்லாமலே மறுபுறம் வந்து நிற்கிறது.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் இணைப்புச் சொல் ஒன்றுமே இல்லாமல் ஒரு பந்தி எழுதட்டும். பிறகு பக்கத்துப் பிள்ளை அதை வாங்கி, இரண்டு வசனங்களுக்கு நடுவில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதட்டும், பேச்சுத் தமிழிலேயே: "ஏன்?", "அதுக்கென்ன இப்ப?", "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" எழுதிய பிள்ளை அதற்குப் பதில் சொல்லும்போது எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதுதான் அங்கே போட வேண்டிய சொல். பதில் வராவிட்டால் சொல்லைத் தேட வேண்டாம், அந்த வசனம் அந்த இடத்துக்கு உரியதல்ல.

ஒன்று மட்டும் கவனம். எச்சத்தால் இணைக்கலாம் என்று சொன்னவுடன் சில பிள்ளைகள் போய், வந்து, பார்த்து, எடுத்து என்று ஆறு வரிக்கு நிறுத்தாமல் ஓடுவார்கள். நல்லூர் நாவலரும் நீண்ட வசனம் எழுதியவர்தான், ஆனால் தமிழ் உரைநடைக்குள் நிறுத்தக் குறிகளைக் கொண்டுவந்து பழக்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. வசனம் மூன்று வரியைத் தாண்டினால் எழுவாய் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாவிட்டால் அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கட்டும்.

அன்புடன்,
அக்கா