ஆந்தைக்கும் தொப்பைக்கும் என்ன உறவு?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. நானும் என் ஓரகத்தியும் ஒரே வீடு, ஒரே சமையல். அவர் ஒன்பதரைக்கே படுத்து, விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். எனக்கு ராத்திரி பத்துக்கு மேல்தான் சுறுசுறுப்பே வரும். பிளவுஸ் தைத்து, பதினொன்றுக்குச் சாப்பிட்டு, படுக்க ஒன்றரை ஆகும். பிள்ளைகளுக்கு டிபன் கட்ட ஆறுக்கு எழுந்தாக வேண்டும். ஞாயிறு மட்டும் ஒன்பதரை வரை தூக்கம். அவருக்கு வயிறே இல்லை, எனக்குத் தொப்பை. ராத்திரி விழிப்பதுதான் காரணமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நானும் உங்கள் கட்சிதான், அம்மா. கிளினிக்கை மூடிவிட்டுப் பத்தரைக்குத் தோசைக்கல் முன்னால் உட்கார்ந்தே 34 அங்குல பேன்ட்டிலிருந்து 38-க்குப் போனவன்.

ராத்திரியில் சுறுசுறுப்பு வருவது பாதி பிறவிக்குணம். ஆனால் தொப்பையோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. தென்கொரியாவில் 47 முதல் 59 வயது வரையுள்ள 1,600-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ராத்திரி விழிக்கிற ஆந்தை ரகப் பெண்களிடம் வயிற்றுக் கொழுப்பு கூடுதல். அந்த ரக ஆண்களிடம் சர்க்கரை நோய் கூடுதல். விழிப்புதான் கொழுப்பைப் போட்டது என்று அடித்துச் சொல்ல இது போதாது. மாதவிலக்கு நிற்கிற காலம் நெருங்கினாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். ஓரகத்தியின் வயதை நீங்கள் எழுதவில்லையே!

மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த கடிகாரம் ஒன்று, வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் உள்ள கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கும். ராத்திரி மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரந்ததும் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஏழு மணிக்குச் சாப்பிடுகிற அதே நாலு இட்லியைப் பதினொன்றுக்குச் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறும், இறங்கவும் நேரமாகும்.

எனக்கு உறுத்துவது உங்கள் நாலரை மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் கை முறுக்கு டப்பாவைத் தேடும். அப்புறம் அந்த ஞாயிறு. வாரநாளில் உங்கள் தூக்கத்தின் நடுநேரம் 3.45, ஞாயிறன்று 5.30. இந்த ஒன்றேமுக்கால் மணி நேர வித்தியாசம், வாராவாரம் துபாய் போய்த் திரும்புகிற அலைச்சல் உடம்புக்கு. ஜெர்மனியின் தூக்க ஆராய்ச்சியாளர் டில் ரோனபெர்க் இதைத்தான் ‘சமூக ஜெட்லாக்’ என்கிறார்.

நாலரைக்கு எழ வேண்டாம், என்னாலும் முடியாது. சாப்பாட்டை மட்டும் எட்டு மணிக்குள் முடித்துவிட்டு மெஷினில் உட்காருங்கள். படுக்கையை வாரம் கால் மணி நேரமாக முன்னால் இழுங்கள். காலையில் டிபன் கட்டியதும் கொஞ்ச நேரம் மொட்டைமாடி வெயில். நான் சாப்பாட்டை எட்டரைக்கு மாற்றி ஒரு வருஷத்தில் 36-க்கு வந்திருக்கிறேன், மெதுவாகத்தான்.

டேப் உங்கள் கையிலேயே இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளவெடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. தாண்டியிருந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். ஓரகத்தியையும் ஒருமுறை அளந்து பாருங்கள், சேலைக்கட்டு ஏமாற்றும்.