வாசகர் கேள்வி பதில்: ஃபாஸ்டர் பிள்ளையைத் தத்தெடுக்க

கேள்வி: நீதிமன்ற உத்தரவோடு ஒரு பெண்பிள்ளையை 4 வருடமாக ஃபாஸ்டர் பெற்றோராக (பெற்றவர் வளர்க்க முடியாத பிள்ளையைத் தற்காலிகமாக வளர்ப்பவராக) வளர்க்கிறோம். இப்போது அவளுக்கு 6 வயது. பெற்றவள் வந்து பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தகப்பன் யாரென்று ஃபைலில் இல்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) பதியவில்லை. வருமானமும் சுமார்தான். தத்தெடுக்க முடியுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முடியும். நீங்கள் பயப்படும் இரண்டுமே தடையல்ல. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 231-ஆம் பிரிவு, பணவசதி குறைவு என்ற காரணத்துக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. கணவன் மனைவி மட்டுமல்ல, நிரந்தரத் துணையாக வாழ்பவர்களும், ஒரே வீட்டில் ஒரு குடும்பமாக இருப்பவர்களும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம்.

இழுத்தடிப்பது பெற்றவர்களின் சம்மதம்தான். கடந்த 12 மாதமாகத் தொடர்ந்து பெற்றோர் கடமையைச் செய்யாதவரின் சம்மதம் தேவையில்லை என்கிறது 236-ஆம் பிரிவு. இதில் ‘தொடர்ந்து’ என்பதில்தான் வழக்கு சிக்கும். தீபாவளிக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை வந்திருந்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். அதனால் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: சந்திப்புக்குக் குறித்த தேதி, நேரம், வந்தாளா இல்லையா, போன் வந்தால் யார் எடுத்தது, என்ன பேசியது. மாதாமாதம் அதன் நகலை சோஷியல் வொர்க்கரிடம் கொடுத்து ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட அந்தப் பக்கங்களுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்.

தகப்பன் யாரென்றே தெரியாவிட்டால் அவர் சம்மதமும் வேண்டாம். ஆனால் தேடிப் பார்த்ததற்கு ஃபைலில் அத்தாட்சி இருக்க வேண்டும். தேடாமல் விட்டு, கடைசி நேரத்தில் ஒரு பெயர் வெளிவந்தால் எல்லாம் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். ஒருவேளை தாய் தானே முன்வந்து கையெழுத்துப் போட்டாலும் 60 நாளைக்குள் அதைத் திரும்பப் பெற அவளுக்கு உரிமை உண்டு. அந்த நாட்கள் கழியும்வரை உறவினரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டாம்.

ஃபாஸ்டருக்காக முன்பு உங்களைச் சோதித்தது இதற்குப் போதாது. தத்தெடுப்பைக் கவனிக்கும் சோஷியல் வொர்க்கர் புதிதாக மதிப்பீடு செய்வார். போலீஸ் கிளியரன்ஸ், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறிக்கும் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான ஃபார்ம் 30, டாக்டர் சான்று, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இவற்றோடு மாகாண சமூக மேம்பாட்டுத் துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். அது வரத் தாமதமானால் வாரம் ஒருமுறையாவது போன் போட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஃபாஸ்டர் உத்தரவு சாதாரணமாக 2 வருடத்துக்குத்தான். தத்து விண்ணப்பம் போட்டாயிற்றே என்று அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். பிள்ளை தத்துக்குத் தயாராகும்போது ஃபாஸ்டர் பெற்றோரைப் பரிசீலிக்கும்படி கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பிக்கச் சொல்லி ஷெரிப் (நீதிமன்ற அறிவிப்புகளைக் கொண்டுதரும் அதிகாரி) கொண்டுவரும் நோட்டீஸ் கைக்கு வந்த 30 நாளைக்குள் விண்ணப்பிக்காவிட்டால், உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வீடு மாறினால் அன்றே புது விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் இறந்துவிட்டார்கள். 11 வயதுப் பேரன் என்னிடம் ஃபாஸ்டரில் இருக்கிறான். தத்தெடுத்தால் உதவித்தொகை நின்றுவிடுமா?
– வாசகி, டொங்காட்

பதில்: நின்றுவிடும் அம்மா. ஃபாஸ்டர் உதவித்தொகை 2025 ஏப்ரல் நிலவரப்படி மாதம் 1,250 ராண்ட். தத்தெடுத்த பிறகு, வருமான வரம்புக்குள் இருந்தால் குழந்தை உதவித்தொகை மட்டும் கிடைக்கும். அதே நிலவரப்படி அது 560 ராண்ட். எங்களைக் கேட்டால், உங்கள் நிலைமையில் அவசரப்பட வேண்டாம். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளை உறவினரிடம் வளரும்போது, ஃபாஸ்டர் உத்தரவை 18 வயதுவரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு 186-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 2 வருடத்துக்கு ஒருமுறையாவது சோஷியல் வொர்க்கர் வந்து பார்ப்பார், அவ்வளவே. சொத்துரிமையும் குடும்பப் பெயரும் முக்கியம் என்றால் தத்து நல்லது. அதற்குப் பேரனின் சம்மதமும் வேண்டும். 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கேட்காமல் நீதிமன்றம் உத்தரவு போடாது.

கேள்வி: நாங்கள் தத்தெடுக்கப்போகும் பையன் ஜுலு பிள்ளை. அவன் பெயரை மாற்ற வேண்டுமா? அவனுடைய அத்தை பார்க்க வரலாமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: அவன் பெயர் அப்படியே இருக்கட்டும். தத்து உத்தரவால் உங்கள் குடும்பப் பெயர் அவனுக்கு வரும். பழைய குடும்பப் பெயரே வேண்டுமென்றால் விசாரணையின்போதே கேட்டு உத்தரவில் எழுதிவாங்குங்கள். பிள்ளையின் மதத்தையும் பண்பாட்டையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அவன் மொழி தொடர வீட்டில் என்ன ஏற்பாடு, யார் அவனிடம் ஜுலு பேசுவார்கள் என்று மதிப்பீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றவரோடு தொடர்பு வைத்துக்கொள்வதற்கு 234-ஆம் பிரிவின்படி எழுத்து ஒப்பந்தம் செய்யலாம். தத்து விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அத்தை வந்து போவது உங்கள் விருப்பம், தடையில்லை. ஆனால் யார் கேட்டாலும் பிள்ளைக்காகப் பணமோ பரிசோ கொடுக்காதீர்கள், அது குற்றம். உத்தரவு கைக்கு வந்ததும், தத்தைப் பதிந்து புதுப் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஹோம் அஃபேர்ஸில் விண்ணப்பியுங்கள்.